மிளகரணைக் காய் ரசத்துக்கு ஆகும். அதன் வேர்க் கஷாயம் சர்க்கரை மாத்திரைக்கு ஈடாகுமா?

அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மாமியார் இளவயது முதலே மலையோரத்து முட்புதர்களில் மிளகரணைக் காய் பறித்து வந்து, பச்சைக் காயில் ஊறுகாய் போடுவார்; பழுத்ததை உலர்த்தி ரசத்துக்குத் தட்டிப் போடுவார்; காயை நல்லெண்ணெயில் காய்ச்சி மூட்டுவலிக்குத் தேய்ப்பார். இதனால் இதுவரை யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. சென்ற மாதம் உறவினர் ஒருவர், மிளகரணை வேர்ப்பட்டையைக் கஷாயமாக்கிக் குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு தீரும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட கணவர் (வயது 41) தாம் சாப்பிட்டு வந்த மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் அந்தக் கஷாயத்தைக் குடித்து வருகிறார். மாத்திரைக்கு மாதந்தோறும் ஆகும் செலவும் இதற்கு ஒரு காரணம். மூன்று வாரம் கழித்து வெறும் வயிற்றில் பார்த்தபோது சர்க்கரை 228 இருந்திருக்கிறது. "கெட்டது வெளியேறும்போது முதலில் ஏறித்தான் இறங்கும்" என்கிறார் உறவினர். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருக்கும் மாமனாருக்கும் முழங்கால் வலிக்காக இதே கஷாயம் தரப்படுகிறது. இரண்டாவது குழந்தைக்காகக் கருத்தரிக்க விரும்பும் தம்மையும், கர்ப்பப்பைக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கச் சொல்வதாக வாசகி எழுதுகிறார். காயைப் பொடித்து மதுரைக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், வனக்காப்பாளர் ஒருவர் மலையில் பறிக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார். "தலைமுறை தலைமுறையாகப் பறித்த எங்களுக்கு அந்த உரிமை இல்லையா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் உரிமையைப் பற்றியும் எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன 228 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றில் இந்த அளவு இருப்பது, மாத்திரை நின்றதால் நோய் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்பதையே காட்டுகிறது. சர்க்கரை ஏறி இறங்கித்தான் குணமாகும் என்ற கூற்றுக்குச் சித்த மருத்துவத்திலும் இடமில்லை, நவீன மருத்துவத்திலும் இடமில்லை. ஏறியிருக்கும் ஒவ்வொரு நாளும் அது சிறுநீரகத்தையும் கண்ணின் விழித்திரையையும் காலின் நரம்புகளையும் சத்தமில்லாமல் பாதித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்றே கஷாயத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நாளைக் காலையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் கடுந்தாகம், ஓயாத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், நினைவு தடுமாறுதல் இவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.

கஷாயத்தையும் குடித்துக்கொண்டு மாத்திரையையும் தொடரலாமா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அது இன்னொரு வகையில் ஆபத்தானது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதனுடன் எந்த அளவில் எப்படி வேலை செய்யும் என்று தெரியாத ஒரு வேரும் சேர்ந்தால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். மூன்று வார இடைவெளிக்குப் பிறகு பழைய அளவிலேயே மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்தாகையால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து, கல்லீரல் பரிசோதனையையும் பார்த்த பிறகு மருத்துவர் அளவை முடிவு செய்வதே முறை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதன் முடிவு சுமாராக இருப்பதைக் கண்டு "கஷாயம் வேலை செய்திருக்கிறது" என்று யாரும் மகிழ வேண்டாம். அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி அவர் மாத்திரை சாப்பிட்ட காலம்.

செலவைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அதில் தயங்க எதுவுமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார். பணத்துக்காக ஒருவர் மருந்தை விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்த ஒரு காரணத்தையாவது உங்கள் வீட்டிலிருந்து இந்த வாரமே அகற்றிவிட முடியும்.

காய் வேறு, வேர் வேறு

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனித்த செய்தி ஒன்று உண்டு. உங்கள் அத்தை இத்தனை ஆண்டுகளாகச் செய்து வந்தது காயையும் பழத்தையும் சமையலில் சேர்ப்பதும், எண்ணெயாக்கி வெளியே தேய்ப்பதும் மட்டுமே. வேரைத் தோண்டிக் கஷாயம் வைத்து நாள்தோறும் குடிப்பது உங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாதது. அது சென்ற மாதம் உறவினர் கொண்டுவந்தது. "காலங்காலமாகச் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே" என்ற நம்பிக்கையைக் காய்க்குச் சொல்லலாம். அதே நம்பிக்கையை வேருக்கு நீட்டிக்கொண்டதுதான் இங்கே நேர்ந்த பிழை.

மிளகரணையைத் தாவரவியலார் டொடாலியா ஏசியாட்டிகா என்று அழைக்கிறார்கள். பெயரில் மிளகு இருந்தாலும் மிளகுக் கொடிக்கு இது உறவில்லை. எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்ற வேதிப்பொருள். மிளகரணையின் காரமோ எலுமிச்சைக் குடும்பத்துக்கே உரிய வாசனை எண்ணெய்களும் பிசினும் சேர்ந்து தருவது. ஆகவே, சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தில் மிளகுக்குப் பதிலாக இதைப் போடலாமா என்று நீங்கள் கேட்டதற்கு, கூடாது என்பதே பதில். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழியை அத்தை இதற்கும் சேர்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை கொடிமிளகுக்கு உரியது.

ஆனால் உணவாக இந்தக் காய்க்கு நல்ல வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க், இதன் பழம் மிளகுக்கு இணையான காரம் உடையது என்றும், இந்நாட்டு மக்கள் அதை ஊறுகாய் போடுகிறார்கள் என்றும், அது மிகச் சுவையானது என்றும் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் அத்தையின் கைப்பக்குவம் அந்தப் பழைய மரபின் தொடர்ச்சி என்பதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும். பச்சைக் காயைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்பில் ஊறவைத்து வெயிலில் காட்டி, எலுமிச்சைச் சாறும் நல்லெண்ணெயும் சேர்த்து வைக்கும் ஊறுகாயைத் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதில் தவறில்லை. பழுத்ததை நிழலில் உலர்த்தி, உள்ளே இருக்கும் கடினமான விதைகளை நீக்கி, மேல்தோலைச் சீரகத்துடன் ஒன்றிரண்டாகத் தட்டி ரசத்தில் போடுவதும் நல்லதே. நான்கு பேருக்கான ரசத்துக்கு ஐந்தாறு பழத்தோல் போதும். மழைக்காலத்தில் மந்தமும் சளியும் இருக்கும்போது அந்த ரசம் இதமாக இருக்கும். வயிற்றுப் புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். உங்கள் கணவரும் ரசத்தில் இதைச் சாப்பிடலாம். அது உணவு, மருந்தாகக் கணக்கில் வராது என்பதை மட்டும் அவர் நினைவில் வைக்கட்டும்.

வேரின் கதை வேறு. அதன் பட்டையைக் கீறினால் மஞ்சளாக இருக்கும். நாவில் பட்டால் கைப்பும் காரமும் நெடுநேரம் நிற்கும். அதில் செலரித்ரின், நிட்டிடின் முதலான ஆல்கலாய்டுகள் (செடிகளில் உண்டாகும் வீரியமான வேதிப்பொருள்கள்) இருப்பதை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இவை ஆய்வகத்தில் உயிரணுக்களைக் கொல்லும் ஆற்றல் காட்டிய பொருள்கள். இந்த வேருக்கு மருத்துவப் புகழ் உண்டு. ஆனால் அது காய்ச்சலுக்கான புகழ். மலைக்காய்ச்சலுக்குத் தெலுங்கு நாட்டு வைத்தியர்கள் புதிய வேர்ப்பட்டையைக் கொடுத்ததை ராக்ஸ்பர்க்கே குறித்திருக்கிறார். இதே செடி வளரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மக்கள் மலேரியாவுக்கும் இருமலுக்கும் இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். காய்ச்சலுக்குச் சில நாட்கள், வைத்தியர் அளந்து கொடுத்த மருந்து அது. வாழ்நாள் நோய் ஒன்றுக்காக மாதக் கணக்கில் கைப்பிடி அளவில் காய்ச்சிக் குடிப்பதற்கானது அன்று. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இச்செடியின் சாரத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் உறவினர் அவற்றைக் கேள்விப்பட்டிருக்கலாம். எலியின் ரத்தத்தில் சர்க்கரை குறைவதற்கும், மனிதர் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு நலமாக இருப்பதற்கும் நடுவே மிக நீண்ட தூரம் இருக்கிறது.

மாமனாருக்கும் உங்களுக்கும் குழந்தைக்கும்

ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் ஒருநாள்கூடத் தவறக் கூடாதவை. அவற்றுடன் பெரும்பாலும் கொழுப்புக்கான மாத்திரையும் இருக்கும். எலுமிச்சைக் குடும்பத்துப் பம்பளிமாஸ் போன்ற சில பழங்கள், உடல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை மாற்றிவிடும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. அதனால்தான் சில கொழுப்பு மாத்திரைகளுடன் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதே குடும்பத்துச் செடியின் வேரை, அதுவும் செறிவான கஷாயமாக, இதய நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கும் துணிவு எந்தப் பொறுப்புள்ள சித்த மருத்துவருக்கும் வராது. மாமா அதை உடனே நிறுத்த வேண்டும். அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது, இத்தனை நாள் குடித்தேன் என்று மறைக்காமல் சொல்லவும் வேண்டும். மலம் கறுத்துப் போதல், ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்புகள் தெரிந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

அவருடைய முழங்காலுக்கு அத்தையின் காய் எண்ணெய் போதும். பழைய மருத்துவ நூல்களிலும் இது வெளிப்பூச்சாகச் சொல்லப்பட்டதே. மூன்று எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். முதலில் முன்கையில் ஒரு துளி தடவி ஒருநாள் பார்க்க வேண்டும். புண், வெடிப்பு உள்ள இடத்தில் படக் கூடாது. தடவிய காலைக் கழுவாமல் வெயிலில் நிற்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் கருத்துக் கொப்பளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுமானால் எந்த எண்ணெயும் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் உளுந்துத் தைலம், கற்பூராதித் தைலம் போன்றவை விலையின்றிக் கிடைக்கும்.

கருத்தரிக்க விரும்பும் நீங்கள் வேர்க் கஷாயத்தையோ இலைக் கஷாயத்தையோ ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கக்கூடிய பொருள்களைக் கொண்ட ஒன்று, கரு உருவாகும் நாட்களில் உடலுக்குள் போகக் கூடாது. கரு உண்டானதே தெரியாத முதல் வாரங்கள்தான் மிகவும் நுட்பமானவை. மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். உங்கள் ஆறு வயது மகளுக்குச் சளி பிடித்தால் ரசம் கொடுக்கலாம், கஷாயம் கூடாது.

கையில் இருப்பது மிளகரணைதானா?

இதை நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். உறவினர் கொண்டுவந்தது காய்ந்த வேர்த்துண்டுகள் என்கிறீர்கள். இலையும் காயும் இல்லாத காய்ந்த வேரைப் பார்வையால் மட்டும் உறுதி செய்ய என்னாலும் இயலாது, மதுரைக் கீழமாசி வீதியில் பரம்பரையாக நாட்டு மருந்துக் கடை நடத்துபவராலும் இயலாது. செடியாக இருந்தால் அடையாளம் எளிது. காம்புக்கு மூன்று சிற்றிலைகள் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலையில் ஊசித் துளைபோல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். தண்டில் கொக்கிபோல வளைந்த சிறு முட்கள் இருக்கும்; முதிர்ந்த தண்டில் தக்கை போன்ற புடைப்புகளின் உச்சியில் முள் நிற்கும். காய் பட்டாணி அளவில் பச்சையாக இருந்து ஆரஞ்சு நிறமாகப் பழுக்கும். அதன் தோல் மிகச் சிறிய நாரத்தையின் தோலைப்போலக் குழிகுழியாக இருக்கும். வில்வத்துக்கும் மூன்று இலைதான், முள்ளும் உண்டு. ஆனால் அதன் முள் நேராக நீண்டிருக்கும், காயின் அளவோ பல மடங்கு பெரிது. நாளை மருத்துவரிடம் போகும்போது மிச்சமிருக்கும் வேரைப் பழைய மருந்துச் சீட்டுகளுடன் எடுத்துச் செல்லுங்கள்.

பறிப்பதும் விற்பதும்

வனக்காப்பாளர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எதையும் பறிப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதால், அவர் தம் கடமையைத்தான் செய்திருக்கிறார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலை, அதாவது காய், தேன் போன்ற காட்டு விளைபொருள்களை, சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருவது உண்மை. அது, காட்டில் வாழும் பழங்குடியினருக்கும், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டில் வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்த பிறருக்கும் உரிய உரிமை. அடிவாரத்து ஊரில் வீடும் வயலும் இருந்து, அவ்வப்போது மலைக்குப் போய் வந்த குடும்பம் என்பதால் மட்டும் அது தானாக வந்துவிடாது. உங்கள் குடும்பத்துக்கு அந்தத் தகுதி இருப்பதாக நம்பினால், கிராம சபையில் மனுக் கொடுத்து முறைப்படி கோர வேண்டும். அதுவரை, அத்தை வழக்கமாகப் பறிக்கும் புதர் காப்புக்காட்டின் எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கிறதா, பட்டா நிலத்தில் இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எங்கே இருந்தாலும் வேரைத் தோண்ட வேண்டாம். காயைப் பறித்தால் புதர் அடுத்த ஆண்டும் காய்க்கும். வேரைத் தோண்டினால் அதோடு அது முடிந்தது. பறவைகளுக்கும் அந்தப் பழம் இரை.

விற்பனைக்கு வருவோம். பொடியை உணவாக விற்பதானால், எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். பொட்டலத்தின் மேல் மிளகுத்தூள் என்று அச்சிடக் கூடாது. அது வாங்குவோரை ஏமாற்றுவதாகும். "சர்க்கரையைக் குணமாக்கும்" என்று அச்சிட்டாலோ, வாட்ஸ்அப்பில் பரப்பினாலோ, 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் சிக்குவீர்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் வெளிப்படையாகவே இருக்கிறது. மருந்தாகத் தயாரித்து விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். வீட்டுத் திண்ணையில் அது நடவாது.

என் யோசனை, உங்கள் வயல் வரப்பில் மிளகரணையை உயிர்வேலியாக வளர்ப்பது. நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சதை நீக்கிக் கழுவி, காயவிடாமல் உடனே நாற்றுப் பையில் ஊன்றுங்கள். முளைக்க நாளாகும், பொறுமை வேண்டும். ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளில் பூப்பதால் ஒன்றிரண்டு வைத்தால் காய்க்காமலே போகலாம். பத்துப் பன்னிரண்டு செடிகளாவது வையுங்கள். படர்ந்து ஏறும் இயல்புடையது என்பதால் கிணற்றடியிலோ நடைபாதையிலோ வைக்காமல், ஆடு மாடு நுழையும் பக்கமாக வையுங்கள். முள் அடர்ந்த வேலி உங்கள் வயலுக்குக் காவலாகவும் இருக்கும், காட்டைத் தொடாமல் அத்தைக்குக் காயும் கிடைக்கும். மிஞ்சுவதைப் பதிவு பெற்று ஊறுகாயாக விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கணவரின் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை முடிவுகள் வந்தவுடன் அவற்றைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே சித்த மருந்து ஏதேனும் சேர்க்க முடியுமா என்று அவர் விரும்பிக் கேட்டால், அந்த எண்களைப் பார்த்த பிறகு, அவருடைய மருத்துவருக்கும் தெரியும்படி அதைப் பற்றிப் பேசலாம்.